கண்ணாயிரத்துக்கு வழி விடுங்க

“இன்னிக்கும் லேட்டா போனேன்னா வேலை போயிடும் கண்டக்டரே! எப்பிடியாவது என்னை இங்கியே எறக்கி வுடுங்க!”

கண்ணாயிரம் படிக்கட்டில் நின்று கத்திய கத்தலில், தூங்கிக்கொண்டிருந்த நாலைந்து பேர் காஞ்சிபுரம் வந்துவிட்டதென்று பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். வந்தது உண்மைதான். ஆனால் வந்து வெகுநேரம் ஆகிறது. புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கும் பேருந்து நிலையத்தின் தூண்கள் கண்ணெதிரே தெரிகின்றன. அதைத் தாண்டிப் போக வேண்டிய பேருந்துதான் ஆணி அடித்ததுபோல் நிற்கிறது.

“எங்கய்யா எறக்கி வுடறது?” என்றார் கண்டக்டர் இளங்கோவன். “முன்னால லாரி. பக்கத்துல பள்ளம். நீ பாட்டுக்கு உள்ள வுழுந்துட்டா, உன்னைத் தேடறதுக்கு தனியா ஒரு டெண்டர் வுடுவாங்க!”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கான்கிரீட் லாரிகள் தொந்தி சுழல, வடம் பிடிக்க ஆள் வராத தேர்களைப்போல் வரிசைகட்டி நின்றிருந்தன. சாலையோரப் பள்ளமோ மழைநீர்க் கால்வாய்க்காகத் தோண்டியது. தோண்டியவர்கள் மறந்துவிட்டார்கள், மழை மறக்கவில்லை. இப்போது அதில் அல்லி பூக்கிறது. தவளைகள் கொள்ளுப்பேரன் எடுத்துவிட்டன. வருகிற தை மாதம் தெப்போற்சவத்தையே அங்கே வைத்துக்கொள்ளலாம்.

கண்ணாயிரத்தின் கைப்பேசி அலறியது.

“சார்... வந்துக்கினே இருக்கேன் சார்... பொய் இல்ல சார், டிராபிக்கு! ஒரு மாசமா இதையே சொல்றேன்னா, ஒரு மாசமா இதானே சார் நடக்குது?”

மறுமுனையில் வந்த வசவின் வார்த்தைகள் யாருக்கும் புரியவில்லை. சூடு மட்டும் கடைசி இருக்கை வரைக்கும் அடித்தது.

“இப்ப அங்க போயி நிக்கலன்னா, அப்பிடியே வூட்டுக்குப் போயிடுன்றாரு,” என்றார் கண்ணாயிரம். “ரெண்டு பொண்ணுங்க படிக்குதுங்க எனக்கு.”

“கம்பெனி பஸ்ஸு புடிக்கணுமா? ஒரகடமா?” என்று கேட்டார் இளங்கோவன்.

கண்ணாயிரம் வாயைத் திறப்பதற்குள் ஜெயம்மாள் பதில் சொல்லிவிட்டாள். முசரவாக்கத்திலிருந்து தினமும் கீரை விற்க வருகிறவள். யார் யாரைக் கேட்டாலும் பதில் அவளிடம்தான் இருக்கும்.

“வேற எங்க? காலங்காத்தால சோத்து மூட்டையைத் தூக்கிக்கினு இப்பிடிப் பறக்கறவன் கம்பெனிக்காரன்தான். யாரோ வேலை செய்யாததுக்கு இவன் வேலை போவுது பாரு!”

“நல்லா கேளும்மா!” கண்ணாயிரத்துக்கு வீரம் வந்துவிட்டது. “ஒரு பஸ் ஸ்டாண்டு கட்ட இத்தினி வருசமா? பல்லவ ராஜா கோயிலையே கட்டி, கும்பாபிஷேகம் பண்ணி, நடுவுல சண்டைக்கும் போயிட்டு வந்துட்டான். இவனுங்க இன்னும் கக்கூஸுக்குக் கதவு வெக்கல!”

பேருந்தே கைதட்டியது. ஒரு கல்லூரிப் பெண் கைப்பேசியை நீட்டிப் படம் பிடிக்கத் தொடங்கினாள்.

“அந்த லாரிங்கள்லாம் எதுக்கு ஆன்ட்டி சும்மா நிக்குது?” என்றும் கேட்டாள்.

“நல்ல நேரம் பாக்கறானுங்க,” என்றாள் ஜெயம்மாள். “ராகு காலம் போவணும், எமகண்டம் போவணும். அதுக்குள்ள மத்தியான சோறு வந்துடும். துண்ணுட்டுத் தூங்கப் போயிடுவானுங்க.”

“பொறுப்பா ஒருத்தன் இருந்தா இப்பிடி நடக்குமா?” கண்ணாயிரம் மார்பில் அடித்துக்கொண்டார். “சம்பளத்தை வாங்கிக்கினு எவனோ எங்கியோ ஜாலியா குந்திக்கினு இருக்கான். அவன் வெளங்குவானா?”

“வெளங்கவே மாட்டான்!” என்ற ஜெயம்மாள், வாரித் தூற்ற மண் கிடைக்காததால் கீரைக்கட்டை ஓங்கி உதறினாள். ஈரமண் முழுக்கக் கண்டக்டர்மேல் விழுந்தது.

மறுபடியும் கைப்பேசி அலறியது. கண்ணாயிரம் அதை எடுக்கவில்லை. எடுக்கத் தைரியமில்லாமல் அழுகிற முகத்தோடு பள்ளத்தைப் பார்த்தார்.

ஜெயம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “ஏம்பா, இத்தினி ஆம்பளைங்க இருக்கீங்களே, ஒரு ஏழை வவுத்துல அடிக்கறதை வேடிக்கை பாத்துக்கினு இருக்கீங்களா? தூக்குங்கப்பா அந்தாளை!”

ஊர் காஞ்சிபுரம். தூக்கத் தெரிந்த தோள்களுக்கா பஞ்சம்? கருட சேவைக்குப் பெருமாளையே சுமந்து பழகிய இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கண்ணாயிரத்தைத் தோளில் ஏற்றி, இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்கள். தவளைகள் மரியாதையாக ஒதுங்கின. பின்னாலேயே சாப்பாட்டுப் பை எழுந்தருளியது. குடையும் மேளமும்தான் பாக்கி.

“ஓடுப்பா! வேலையை வுட்டுடாதே!” என்று ஜெயம்மாள் ஜன்னல் வழியாகக் கத்த, பேருந்து முழுக்க விசிலடித்தது.

கண்ணாயிரம் ஓடினார். ஒவ்வொரு லாரியையும் ஒரு வசவோடு கடந்து, வரிசையின் முனைக்கே வந்து சேர்ந்தார். அங்கே அவருடைய அதிகாரி கைப்பேசியும் கையுமாகக் கொதித்துக்கொண்டிருந்தார்.

“ஏன்யா, இன்னிக்கும் லேட்டா?”

“என்னை ஏன் சார் கேக்கறீங்க? இந்த லாரிங்க ரோட்டை அடைச்சிக்கினு நின்னா பஸ்ஸு எப்பிடி சார் வரும்?” என்று மூச்சு வாங்கிய கண்ணாயிரம், முதல் லாரி டிரைவரின் பக்கம் திரும்பினார். “யோவ், உள்ள போவாம நடு ரோட்டுல என்னாய்யா பண்ணிக்கினு இருக்கீங்க?”

அதட்டிக்கொண்டே இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, புதிய பேருந்து நிலையத்தின் பூட்டிய கேட்டைத் திறந்துவிட்டார் வாட்ச்மேன் கண்ணாயிரம்.