சொல்லிட்டுச் செய்

"மனித இனம் இதுவரைக்கும் செஞ்ச முட்டாள்தனத்துலேயே உச்சம் எது தெரியுமா சிஸ்டர்? பிளாஸ்டிக் பொம்மைகிட்ட அனுமதி கேட்கறது!"

நர்சிங் மாணவன் இதைச் சிரிக்காமல் சொன்னான். எதையும் மேடைப் பேச்சாகவே பேசுவதால் வகுப்பில் அவனுக்குப் 'புரபசர்' என்று பெயர். கிளவுஸ் மாட்டிக்கொண்டிருந்த வார்டு சிஸ்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அதனாலதான் பிராக்டிகல்ல ஃபெயில் போட்டாங்களா?"

"ஆமா சிஸ்டர். பொம்மைக்கு யூரின் டியூப் போடணும். துளி பிசகாமப் போட்டேன். ஆனா 'ஐயா, டியூப் போடப் போறேன், கொஞ்சம் எரியும், பொறுத்துக்கோங்க'ன்னு அதுகிட்டச் சொல்லலையாம். அதோட காதே ஒட்டவெச்ச காது!"

"இன்னைக்கு நான் பாஸ் போடலேன்னா?"

"ஜூனியருங்களோட உட்கார்ந்து மறுபடியும் ஒரு வருஷம். எங்கப்பா வீட்டு வாசப்படி ஏற விடமாட்டாரு."

"அப்ப வாயை மூடு. இல்லை, வாயைத் திற. இந்த வார்டுல ஒரே சட்டம்தான். எதையும் சொல்லிட்டுச் செய்."

சிறுநீரகப் பிரிவின் கடைசிக் கட்டிலில் ஒரு தாத்தா. சுற்றிலும் பச்சைத் திரை. டயாலிசிஸ் மெஷினைத் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். அதன் இரைச்சல் நின்றுபோனதில் காது அடைத்துக்கொண்டது போலிருந்தது. 'அரை டம்ளர் தண்ணிக்குக் கெஞ்ச விடறாங்களே' என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் முறையிடும் பக்கத்துக் கட்டில்காரர்கூட இன்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

எல்லா டியூபையும் எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தாத்தாவின் நல்ல சட்டையைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, மகள் வண்டி பேசக் கீழே போயிருந்தாள்.

"ஐயா, வீட்டுக்குக் கிளம்பறீங்க. முகம் துடைச்சு விடறேன்" என்றாள் சிஸ்டர். ஈரத்துணியால் நெற்றியை மெல்ல ஒற்றினாள். "தலையைப் பாருங்க, குருவிக்கூடு மாதிரி. இப்படியே போனா மக என்னைத் திட்டாதா?"

தாத்தா கண்களை மூடியபடி கிடந்தார்.

"அவர்தான் பதிலே சொல்லலையே சிஸ்டர்."

"உன் கிளாஸ்ல உனக்கு யாராவது பதில் சொல்றாங்களா? அதுக்காக நீ நிறுத்திட்டியா?"

யூரியா ஏறிய நாட்களில் இதே தாத்தா ஓயாமல் பேசினார், அதுவும் காலி நாற்காலியைப் பார்த்து, என்றோ போய்ச்சேர்ந்த பாட்டியோடு. 'அவளை உட்காரச் சொல்லுப்பா, ரொம்ப நேரமா நிக்கிறா' என்பார். 'அது பாட்டி இல்லை தாத்தா, யூரியா. கிட்னி வடிகட்டாத கழிவு, மூளையைக் குழப்புது' என்று புரபசர் பாடம் நடத்தினான். 'யூரியாவா? அவ பேரு அது இல்லையேப்பா' என்று தாத்தா நிஜமாகவே கவலைப்பட்டார். வார்டே சிரித்தது.

இன்று அந்த நாற்காலியை யாரோ கட்டிலை ஒட்டி இழுத்துப் போட்டிருந்தார்கள்.

"முதுகு துடைக்கணும். தோளைப் பிடி. ஐயா, உங்களை ஒருக்களிச்சுத் திருப்பறோம்."

திருப்பினார்கள். தாத்தாவின் தொண்டையிலிருந்து நீளமாக ஒரு பெருமூச்சு வந்தது. புரபசர் துள்ளிப் பின்வாங்கியதில் தட்டில் இருந்த கத்தரிக்கோல் கீழே விழுந்தது.

"சிஸ்டர்!"

"திருப்பினா மூச்சு வரத்தான் செய்யும். பிடிடா."

பிடித்தான். அப்போதுதான் டியூபைக் கவனித்தான். வாரம் முழுக்கக் காய்ந்து கிடந்த டியூப் அது. 'ஒரு சொட்டுக் காட்டுங்க தாத்தா, அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடறோம்' என்று தினமும் கிண்டல் செய்திருக்கிறான். இப்போது அதற்குள் கரும்பழுப்பாக ஒன்று மெல்ல ஊர்ந்து, வளைவில் தயங்கி, பைக்குள் இறங்கியது.

"வ... வருது சிஸ்டர்."

"பார்த்தேன். பையை மேலே தூக்காதே, திரும்ப உள்ளே போகும். சரி, இப்ப டியூபை எடுக்கணும். என்ன பண்ணுவே?"

"உள்ளே பலூன் இருக்கு. அதுல இருக்கற தண்ணியை சிரிஞ்சால உறிஞ்சிடணும். உறிஞ்சாம இழுத்தா வழியெல்லாம் கிழிஞ்சிடும்."

"அதுக்கு முன்னாடி?"

"டியூப் எடுக்கறேன்" என்று முனகினான்.

"டியூப் என்ன கட்டில் கம்பிக்கா போட்டிருக்கு? அவர்கிட்டச் சொல்லு."

அந்தக் காதருகே குனிந்தான். "தாத்தா, டியூபை எடுக்கப் போறேன். கொஞ்சம் எரியும்."

சொல்லிவிட்டுச் செய்தான். கிழியாமல், சிந்தாமல், சுத்தமாக வந்தது.

"பாஸ்" என்றாள் சிஸ்டர்.

போன உயிர் திரும்பிவந்தது போல அவன் நிமிர்ந்தான். "பரீட்சை முடிஞ்சுதில்ல? இனிமே இந்த நாடகமெல்லாம் வேணாமில்ல சிஸ்டர்?"

"இனிமே உன் இஷ்டம். சட்டையை மாட்டிவிட்டு முடிச்சிடு. நான் போய் மகளைக் கூட்டிட்டு வரேன்." தட்டை எடுத்துக்கொண்டு, திரையை விலக்கிப் போனாள்.

சட்டையை மாட்டினான். பித்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டான். வாயே திறக்கவில்லை. கால்மாட்டில் மடித்திருந்த வெள்ளைத் துணியைப் பிரித்து மேலே இழுத்தான். மார்பைத் தாண்டியது. மோவாயருகே வந்ததும் கை தானாக நின்றது.

திரைக்கு வெளியே யாரும் நிற்கவில்லையே என்று எட்டிப் பார்த்துக்கொண்டான். பிறகு குனிந்து, மிகமிகச் சன்னமாகச் சொன்னான்:

"தாத்தா, முகத்தை மூடப் போறேன். கொஞ்சம் இருட்டா இருக்கும், பொறுத்துக்கோங்க."