ஆறாம் மாதக் குறிப்பு

டொக்டர் அம்பலவாணருக்குக் கோபம் தலைக்கேறியது.

"இரண்டரை வயசு! இவ்வளவு நாளும் எங்கை இருந்தனீர்?"

பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்த லக்ஷிகா தலையைக் குனிந்துகொண்டாள்.

அவள் மகன் பிரவீணன் தரையில் குந்தி, போத்தல் மூடியொன்றைச் சுழற்றிக்கொண்டிருந்தான். பெயர் சொல்லி நாலு தரம் கூப்பிட்டாயிற்று, திரும்பவே இல்லை. 'அம்மா' என்ற சொல்கூட இன்னும் வாயில் வரவில்லையாம்.

எத்தனை கூட்டத்தில் தொண்டை வற்றச் சொல்லியிருப்பார்! ஓட்டிசத்தின் அறிகுறி சில பிள்ளைகளுக்குப் பேச்சு வருமுன்னமே உடம்பில் தெரியும், வேளைக்கே கொண்டுவாருங்கள் என்று. யார் கேட்கிறார்கள்?

"கைப்பிள்ளையா இருக்கேக்க ஒரு வித்தியாசமும் தெரியேல்லையோ?"

"தெரிஞ்சிச்சுங்க ஐயா. ஆறு மாசத்துல, உக்கார வைக்கலாம்னு கையப் புடிச்சுத் தூக்குனா தலை பின்னால தொங்கிப் போகும். மூத்தவளுக்கு அப்படி இல்லீங்க."

டொக்டர் பேனையை மேசையில் எறிந்தார்.

"கண்டிட்டும் சும்மா இருந்தனீரோ! அதை மட்டும் வச்சு ஓட்டிசம் எண்டு சொல்லேலாதுதான். ஆனா அண்டைக்கே பிள்ளையைக் கவனிக்கத் தொடங்கியிருக்கலாம், பயிற்சி குடுத்திருக்கலாம். இரண்டு வருசம் வீணாப் போச்சுது, விளங்குதோ?"

"காட்டுனேனுங்க."

"ஆரிட்ட? கோயில் பூசாரியிட்டயோ?"

"இல்லீங்க... டாக்டர்கிட்டத்தான். கார்டுல எழுதியிருக்குங்க."

பிள்ளையின் நிறையைக் குறித்துக்கொண்டிருந்த தாதி ஜெயமலர், கிளினிக் கார்டைப் பின்புறம் புரட்டி வாசித்தாள்.

"ஆறு மாதம். தலை நிற்கவில்லை என்று தாய் சொல்கிறார். வீண் பயம். மறுபடி வரத் தேவையில்லை."

"சோதிச்சுப் பார்த்ததா ஏதும் எழுதியிருக்கோ?"

"ஒண்டும் இல்லை, டொக்டர்."

அம்பலவாணர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தேவிட்டார்.

"பெத்தவள் வந்து வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள். ஒருக்காத் தூக்கிப் பார்க்க அரை நிமிசம் செல்லுமோ? தோட்டத்துச் சனம்தானே எண்ட இளக்காரம்! இதுகளெல்லாம் ஒரு டொக்டரோ? ஆர் எண்டு பேரைச் சொல்லும், இண்டைக்கே மேலிடத்துக்கு எழுதிறன்!"

ஜெயமலர் கார்டை அவர் பக்கமாகத் திருப்பி, கையெழுத்து இருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

டொக்டர் குனிந்து பார்த்தார். பிறகு மெல்லக் கதிரையில் உட்கார்ந்தார்.

அவரைப் பார்க்க லக்ஷிகாவுக்கே பாவமாக இருந்தது.

"அன்னைக்கு ரொம்பக் கூட்டமுங்க ஐயா," என்றாள். "உங்களுக்கு நிமிந்து பாக்கக்கூட நேரமில்ல."