கண் திறந்த பிணம்

அன்று சாயங்காலம் அவர் செத்ததுபோல இந்தியாவில் இதுவரை ஒருவரும் செத்ததில்லை.

நிஜமாகவே செத்தவர்களையும் சேர்த்துத்தான்.

கோடி கோடியாகக் கொட்டி எடுக்கிற இந்திப் படம். பட்டாளத்துக் கதை. தேரிக்காட்டுச் செம்மணலை ராஜஸ்தான் பாலைவனமாக்கியிருந்தார்கள். கம்ப்யூட்டரில் அழிப்பதற்கு வசதியாகப் பனைமரங்களுக்கெல்லாம் பச்சைத் துணியைச் சுற்றி, தமிழ்நாடே தெரியாமல் மூடிவிட்டார்கள்.

பிணத்துக்கு யாரும் வயது பார்ப்பதில்லை. அதனால்தான் பென்ஷன்காரர்கள் இரண்டு பேருக்கும் ராணுவ உடுப்பு கிடைத்தது. ஒருவர், அவர். அவருக்கு வலப்பக்கம், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் மல்லாந்து கிடந்தவர் ஐகோர்ட்துரை.

பெயருக்கேற்ற ஆள். எதற்கும் சாட்சி கேட்பார்.

"டைரக்டரு என் மொகத்தப் பார்த்து அசந்துட்டாரு வே. கண்ணத் தொறந்துக்கிட்டே சாவச் சொல்லிட்டாரு."

"யாரு சாட்சி?"

காலையில் நடந்த பேச்சு இது. இதற்குச் சாட்சி எதற்கு? அவர் கண் திறந்த பிணம். ஐகோர்ட்துரை கண் மூடிய பிணம். உத்தியோகத்தில் ஒரு படி கீழே.

எதிரே ஒட்டுப்பலகைக் கோட்டை. இருப்பது ஒன்றுதான். வெடித்தால் வெடித்ததுதான், இன்னொரு தடவை எடுக்க முடியாது.

"பொணம் எவனாவது அசைஞ்சீங்க, நெசப் பொணமாவே ஆக்கிருவாங்க" என்று எச்சரித்துவிட்டுப் போயிருந்தான், ஆள் பிடித்து வந்த ஏஜென்ட்.

ஒருவரும் அசையவில்லை. ரத்தம் என்று பூசியது சர்க்கரைப்பாகு. எறும்புகளுக்குத் தீபாவளி. அதற்கும் அசையவில்லை.

அப்போது மணல்மேட்டின் மேலிருந்து உதவி டைரக்டர் ஒருவன் கத்தினான்.

"சாம்ப்! சாம்ப்!"

அவருக்கு வயிறு குளிர்ந்தது. வந்த நாளிலிருந்து ரொட்டியும் பருப்பும்தான். ஒருவழியாகச் சாம்பார் வந்துவிட்டது.

முழங்காலில் ஏதோ ஏறியது.

எறும்பு இல்லை.

கனமாக ஏறியது. அவசரமே இல்லாமல்.

தொடை. இடுப்பு வார். வயிறு.

சட்டையைத் தாண்டிச் சில்லிட்டது.

சாம்பார் இப்படிச் சில்லிடாது.

அந்த நொடியில் அவருக்கு இந்தி முழுவதும் புரிந்துவிட்டது.

கத்தியவனை யாரோ அதட்டி அடக்கினார்கள். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஒலிபெருக்கி பத்திலிருந்து கீழே எண்ண ஆரம்பித்தது.

தஸ். நௌ.

அது நெஞ்சின் மேல் வந்து நின்றது. தலையைத் தூக்கியது.

சுற்றிலும் காமிராக்கள். அத்தனை பேரும் படம் எடுக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள்.

அது எடுத்தே விட்டது.

கண்ணை மூடலாம். மூடினால் இமை அசையும். இமை அசைந்தால்...

மூடவில்லை.

மூச்சைக்கூட நிறுத்திவிட்டார். நெஞ்சு மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. உள்ளே கிடந்து திம் திம்மென்று குதித்தது. அது குதிக்கக் குதிக்க, மேலே இருந்ததும் ஏறி ஏறி இறங்கியது.

அவருடைய நெஞ்சே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சட்டைப்பைக்கு மேலே யாரோ ஒருவனுடைய பெயரை இந்தியில் தைத்திருந்தார்கள். இப்போது செத்தால் அவனாகத்தான் சாக வேண்டும். வீட்டில் பெண்டாட்டி செல்லக்கனிக்கு அதை வாசிக்கக்கூடத் தெரியாது.

சாஸ்தாவுக்கு நேர்ந்துகொண்டார். பிழைத்தால் இனி ஒரு பொய்கூடச் சொல்வதில்லை. அதைவிடப் பெரிய கடா அவரிடம் இல்லை.

தீன்.

தோ.

கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அதுவும் அதைப் பார்த்தது.

கோட்டை வெடித்தது.

தரை தூக்கிப் போட்டது. செம்மணல் மழையாகக் கொட்டியது. நெஞ்சின் மேலிருந்த கனம் சுருண்டு, வழுகி, வலப்பக்கமாக இறங்கியது.

அதற்குப் பிறகும் அவர் செத்தே கிடந்தார்.

"கட்!"

கைதட்டல். அவ்வளவும் கதாநாயகனுக்கு. பிணங்கள் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டன.

இரண்டு மட்டும் எழவில்லை.

அவருக்குத் தண்ணீர் தெளித்தார்கள். ஐகோர்ட்துரை தூங்கிவிட்டார் என்று சிரித்துக்கொண்டே கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி உட்கார வைத்தார்கள்.

டீ வந்தது. இரண்டு மடக்கு உள்ளே போனதும் அவருக்கு நாக்கு புரண்டது. நேர்ச்சை டீயில் கரைந்துவிட்டது.

"பனைமரத் தண்டி வே! நெஞ்சு மேல நின்னு, மூஞ்சிக்கு நேரா படம் எடுக்குது. நான் ஒரு மொற மொறச்சேன் பாரும், பயந்துல்லா ஓடிட்டு!"

பிணங்கள் விழுந்து விழுந்து சிரித்தன.

"அண்ணாச்சி, அவன் சாம்பாருன்னுதான் கத்துனான்" என்றான் ஒருவன். "நீங்க பசியில பாம்பாக்கிட்டீங்க. எங்க, ஐகோர்ட்ட ஒத்துக்கிடச் சொல்லுங்க பாப்போம்."

எல்லாரும் ஐகோர்ட்துரையின் பக்கம் திரும்பினார்கள்.

கண் திறந்த பிணம் தலையைக் குனிந்துகொண்டது. ஐகோர்ட்துரையோ சாட்சி இல்லாமல் சாமியையே நம்பாத மனுஷன். போதாததற்குக் கண் மூடிய பிணம். என்ன சொல்லிவிடப் போகிறார்?

ஐகோர்ட்துரையின் டீ அப்படியே இருந்தது. ஒரு கை சட்டைக் காலரைக் கழுத்தோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தது.

"பனைமரமெல்லாம் இல்ல" என்றார்.

சிரிப்பு ஓயட்டும் என்று காத்திருந்தார்.

"பனங்கிழங்குத் தண்டிதான் வே. ஆனா, நீளம் சாஸ்தி. தாண்டிப் போவ ரொம்ப நேரமாச்சு."