மாரித்தாயின் கையெழுத்து

வெள்ளத்துரை தோளில் கிடந்த துண்டை எடுத்து ஆஸ்பத்திரி பெஞ்சைத் துடைத்தான். "இங்கன உக்காரு, மாரி" என்று சொல்லிவிட்டு, பிளாஸ்கைத் திறந்து காபியை ஆற்றி மனைவி பக்கத்தில் வைத்தான்.

நர்ஸ் முருகம்மாள் அதைப் பார்த்துவிட்டு வந்து டாக்டர் ஞானபூரணத்திடம் சொன்னாள். தோலில் வெள்ளை விழுந்தவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேறு பெண் பார்க்கிற ஊரில் இப்படியும் ஒருத்தனா என்று அவளுக்கு ஆச்சரியம்.

டாக்டருக்கு ஆச்சரியப்படக்கூடத் தெம்பில்லை. வாரம் ஒருநாள் பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறி சங்கரன்கோவிலுக்கு வருகிறவர். காலையிலிருந்து முப்பத்தெட்டுப் பேரைப் பார்த்தாயிற்று. இது குஷ்டமில்லை, தொட்டால் ஒட்டாது என்று ஒவ்வொருவரிடமும் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது.

வெள்ளத்துரைதான் எல்லாம் பேசினான். ஊர் பனவடலிசத்திரம். எண்பத்திரண்டில் இவள் இடது கன்னத்தில் காசு அளவில் வெள்ளை விழுந்தது, ரெண்டே வருசத்தில் கழுத்துவரை இறங்கிவிட்டது. மாத்திரை போட்டு வெயிலில் நின்றதில் கொப்புளம்தான் கண்டது. வீட்டில் தனித் தட்டு, தனிச் செம்பு. ஆடித்தபசுத் திருவிழாவுக்குப் போனால் பக்கத்தில் நிற்கிற பெண்கள் சேலையை ஒதுக்கிக்கொள்கிறார்கள். நாலு வருசமாகப் படுக்கை தொழுவத்தை ஒட்டின அறையில்.

"எங்க கூப்பிட்டாலும் கூட்டிட்டு வாரேன் டாக்டர். இவளப் பழையபடி ஆக்கிக் குடுத்துருங்க" என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

கடைசி ரெண்டு வருசமாகப் புதிதாக எங்கும் பரவவில்லை, அதனால் ஆபரேஷன் செய்யலாம் என்றார் டாக்டர். தொடையிலிருந்து அரிசி அரிசியாகத் தோலை எடுத்து வெள்ளைப்பட்ட இடத்தில் பதித்துக் கட்டுப் போடுவது. ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் மெல்ல நிறம் பரவும். ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும், அப்போதும் முழுக்க ஒரே நிறமாகும் என்று உறுதி சொல்ல முடியாது.

மாரித்தாயைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்த் தொடையைப் பார்த்தார். பட்டாணி அளவில் வட்ட வட்டமாகத் தழும்புகள். எல்லாம் பழசு. கேட்டதற்கு, அடுப்பு தெறித்தது என்றாள். தழும்பு எதுவும் தடிக்கவில்லை, காயம் நன்றாக ஆறுகிற உடம்பு என்று சீட்டில் குறித்துக்கொண்டு டாக்டர் திரும்பிவிட்டார்.

சம்மதப் பேப்பரில் வெள்ளத்துரை கையெழுத்துப் போட்டான். அவளும் போட வேண்டும் என்று டாக்டர் பேனாவை நீட்டினார். மாரித்தாய் வாங்கவில்லை. "வேண்டாம்மா" என்றாள்.

இன்றைக்குக் கடைசி நேரத்தில் பின்வாங்குகிற மூன்றாவது ஆள். வெள்ளத்துரையை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, டாக்டர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மரத்துப்போக ஊசி போட்டபிறகுதான் செய்வோம், வலிக்காது என்றார். கத்திக்குப் பயமில்லை என்றாள். பின்னே ஆயுசு முழுக்கத் தொழுவத்துப் பக்கமே கிடக்கப் போகிறாயா என்று கேட்டதற்கு, அங்கேயே கிடந்துக்கிடுதேன் என்றாள்.

டாக்டருக்கு அலுத்துப்போய்விட்டது. "உனக்காக ஒண்ணும் வேண்டாம். வெளிய கண்ணத் தொடச்சிக்கிட்டு நிக்காரே, அந்த மனுசனுக்காகவாவது சரின்னு சொல்லக் கூடாதா?"

மாரித்தாய் திரும்பி, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தாள்.

"இது வந்த பொறவுதாம்மா அவரு கையும் பீடி நெருப்பும் எம்மேல படாம இருக்கு."