ஏணித் தட்டு

உக்காருங்கப்பா. அந்த ஓரத்துல குசுகுசுன்னு பேசறவங்களும் கொஞ்சம் வாயை மூடுங்க. எங்க மாமா மானம் கப்பலேறின கதையைச் சொல்றேன்.

மாமான்னா எங்க அக்கா வீட்டுக்காரர். வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். ஏணில மாட்டுற மாதிரி ஒரு தட்டு கண்டுபிடிச்சார். ஏணி எப்படிச் சாஞ்சாலும் தட்டுல இருக்கிற பெயிண்ட் டப்பா சாயாது.

"பேட்டன்ட் வாங்குங்க மாமா"ன்னேன்.

"அதெல்லாம் கோட்டு போட்டவன் சமாச்சாரம்டா. வக்கீலுக்குக் கொட்டியழ வீட்டையா விக்கிறது?"

ஹார்ட்வேர் கடை முதலாளி மாமாவைப் பிடிச்சுக்கிட்டார். அவர் குரலே ஜீராவுல ஊறின குரல். "தம்பீஇஇ... நான் இருக்கேன்ல? முதல்ல நாலு பேருக்குக் காட்டு. விக்கிறது என் பொறுப்பு."

"இப்ப காட்ட வேணாமே"ன்னா அக்கா. அக்கா வாயைத் திறந்தா நாங்க காலண்டர்ல குறிச்சு வெப்போம். மாமா காதுலயே வாங்கல.

பெயிண்டர் சங்க ஹால் நிறைய ஆளுங்க. முன்வரிசைல முதலாளி. பக்கத்துல அவரோட வெல்டர், பேன்ட் பாக்கெட்ல கையை விட்டுக்கிட்டு. "சும்மா கூட வந்தான்"னார் முதலாளி.

மாமா ஏணியை நிறுத்தி, "இப்ப பாருங்க"ன்னு தட்டைப் போட்டு வெச்சிருந்த சாக்கைப் பிரிச்சார்.

உள்ள பாத்திரம் கவுத்து வைக்கிற கூடை.

"பெயிண்டர் சமையக்கட்டுக்கு மாறிட்டார்டோய்"னு பின்னாடி ஒரு குரல். ஹாலே சிரிச்சுது.

"உங்கக்கா வேலைதான்டா இது"ன்னார் மாமா. முகம் செத்துப் போச்சு.

முதலாளி உச்சுக் கொட்டினார். "புருஷன் முன்னேறினா சில பேருக்குப் பொறுக்காது தம்பீஇஇ." நானும் ஆமாம்னு தலையாட்டினேன்.

அப்பத்தான் அக்கா மூச்சு வாங்க உள்ள வந்தா. பையில இருந்து தட்டை எடுத்து ஏணில மாட்டினா.

"எங்க போய்த் தொலைஞ்ச?"

"பேட்டன்டுக்கு மனு போட்டுட்டு வரேன்."

"வக்கீலுக்கு ஏது பணம்?"

"வக்கீல் வேணாம். தனி ஆளுக்குக் கட்டணம் கம்மி. எழுதித் தர இலவச மையம் இருக்கு. ஆனா ஊருக்குக் காட்டறதுக்கு முன்னாடியே போடணுமாம். காட்டிட்டா கிடைக்காதாம்."

"யார் பேர்ல?"

"உங்க பேர்லதான். கேஸ் கனெக்‌ஷனுக்குன்னு கையெழுத்து வாங்கினேன்ல, அது இதுக்குத்தான்."

முதலாளி குரல்ல ஜீரா வத்திப் போச்சு. "எதுக்கும்மா இவ்வளவு அவசரம்? நான் இல்லையா?"

அக்கா வெல்டரைப் பார்த்தா.

"பாக்கெட்டுல இருக்கிற அளவு டேப்பை வெளிய எடுங்கண்ணே. இனிமே தாராளமா அளந்துக்கலாம்."