பெஞ்சுக்கு ஓர் ஆள்

“அவன வச்சிக்கிட்டு என்னா செய்யிறது? ஆணி அடிச்ச மாதிரி பெஞ்சுலயே ஒக்காந்திருக்கான்!”

கிளாக்கர் முத்துலிங்கம் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார். தேயிலைத் தோட்டத்துக் கூடைப்பந்து அணிக்கு அவர்தான் கேப்டன். பந்துக்குக் காற்றடிக்கிற பம்பு அவர் வீட்டில் இருந்தது; அந்தத் தகுதியை எதிர்த்து இதுவரை யாரும் வாய் திறந்ததில்லை.

“நீங்க எறக்கிவிட்டாத்தானேங்க சோலைமலை வெளையாடுவான்?” என்றான் அந்தோனிமுத்து. அணியில் ஓடத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். “நல்ல பயங்க. விட்டுறாதீங்க.”

“நாலு மேட்ச் தோத்தாச்சு. வர்ற ஞாயித்துக்கெழமையும் தோத்தா, மைதானத்துக்கு மட்டம் பண்ணின எடத்துல தேயிலக் கன்னு நட்டுருவேன்னு தொரை சொல்லிட்டாரு. நமக்கு ஒசரமான ஆளு வேணும்ப்பா!”

“நாலு மேட்ச்லயும் பந்த யாருக்கும் குடுக்காம வச்சிருந்தது நீங்கதானேங்க...”

“அது வேற விசயம்.”

உயரமான ஆள் இறம்பொடைப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தான். பெயர் அழகன், ஆறடி. பந்தைப் பிடிப்பதைவிட எதிராளியின் சட்டையைப் பிடிப்பதுதான் அதிகம் என்று கேள்வி. அந்தத் தோட்டத்துக் கேப்டன் செபஸ்தியாம்பிள்ளையும் முத்துலிங்கமும் ஒருவரையொருவர் முகம் பார்த்ததில்லை. ஆனால் செபஸ்தியாம்பிள்ளை சொல்லி அனுப்பியிருந்தார்: “இவன நீங்க எடுத்துக்கங்க. பதிலுக்கு, சண்ட சச்சரவு இல்லாம பெஞ்சுல ஒக்கார ஒரு ஆளக் குடுங்க.”

இரண்டும் ஒரே கம்பெனித் தோட்டம். தொரைமார் இருவரும் தலையாட்டிவிட்டார்கள்.

முத்துலிங்கம் அன்றைக்கே துண்டுச்சீட்டு எழுதினார். டிஸ்பென்சரிக்கும் அரிசிக்கும் பன்னிரண்டு வருஷமாகத் துண்டு எழுதிப் பழகிய கை. ஆளின் பெயரை எழுதி மையை வீணாக்குகிற வழக்கம் அதற்குக் கிடையாது.

‘இத்துண்டைக் கொண்டு வருபவர் சாது. வாய் திறக்க மாட்டார். ஓடுவதற்கு மூச்சுப் போதாது. பெஞ்சில் உட்கார வைத்தால் போதும். தோடம்பழத்தை மட்டும் கைக்கு எட்டாமல் வைக்கவும்.’

கடைசி வரியை எழுதும்போது அவருக்கே கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் தொரை பங்களாவிலிருந்து இடைவேளைக்கு வரும் ஆரஞ்சுப் பழம் ஒவ்வொரு மேட்சிலும் குறைகிறதே, அதற்கு யாராவது ஒருத்தன் பொறுப்பாக வேண்டாமா?

சனிக்கிழமை காலை சோலைமலை பெட்டி போட்ட சட்டையோடு வந்து நின்றான். நாலாக மடித்த துண்டை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

“நான் போய்த்தான் ஆகணுங்களா, கிளாக்கரய்யா? அம்மா லயத்து வீட்டுல ஒண்டியா இருக்கும்ங்க.”

“ஒரு சீசன்தானப்பா. தோட்டத்துக்காகப் போற, பெருமப்படு! நானும் கூட வந்து ஒப்படைச்சிட்டு, அழகனக் கூட்டிக்கிட்டு வாரேன்.”

பஸ்ஸில் சோலைமலை ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டைப் பையிலிருந்த துண்டைத் தடவிப் பார்த்தான். பஸ் முதல் வளைவைத் தாண்டுமுன் முத்துலிங்கம் குறட்டை விட்டார். பாவம், கேப்டனுக்கு எத்தனை கவலை!

பஸ்ஸை விட்டு இறங்கினால் தேயிலைக்குள் குறுக்குப் பாதை, செங்குத்தான ஏற்றம். பத்தடி ஏறியதும் முத்துலிங்கம் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டார்.

“பையக் குடுங்கய்யா. பந்தையும் குடுங்க, நான் தூக்கிக்கிறேன்,” என்றான் சோலைமலை. “இந்தத் துண்ட மட்டும் நீங்க புடிங்க. கையி வேர்க்குது, மை அழிஞ்சிரும்.”

மரியாதை தெரிந்த பையன் என்று முத்துலிங்கத்தின் மனம் இளகியது. இவனை விடத்தான் வேண்டுமா என்றுகூட ஒரு விநாடி தோன்றியது. அந்த யோசனைக்குத் தெம்பு வேண்டி, பையைக் கொடுக்குமுன் அதிலிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்து உரித்துக்கொண்டே ஏறினார்.

மேலே மைதானத்தில் செபஸ்தியாம்பிள்ளை காத்திருந்தார். வந்தவர்களை ஏற இறங்கப் பார்த்தார்.

ஒருவன் பையைத் தோளில் மாட்டி, பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றான். நெற்றியில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. இன்னொருவர் சவுக்குமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். தொந்தி மேலும் கீழும் போய்வந்தது. ஒரு கையில் பழத்தோல், மறு கையில் துண்டு.

“நா... நா...” என்றார் முத்துலிங்கம். மூச்சு வந்தால்தானே பேச்சு வரும்? துண்டை மட்டும் நீட்டினார்.

செபஸ்தியாம்பிள்ளை மனசுக்குள்ளேயே வாசித்தார். ஒவ்வொரு வரிக்கும் ஒருமுறை முத்துலிங்கத்தைப் பார்த்துத் தலையாட்டினார். கடைசி வரிக்கு வந்ததும் பழத்தோலைப் பார்த்தார். பிறகு நேரே போய்ச் சோலைமலையின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“ஒரு வார்த்த மாறல, கேப்டன்! எழுதினது எழுதினபடி அனுப்பியிருக்கீங்க. டேய் அழகா, பொட்டிய எடு. கேப்டன் ஐயாகூடக் கெளம்பு!”

முத்துலிங்கம் இரண்டு கையையும் ஆட்டினார். கண்ணை உருட்டினார். வாய்க்குள் கிடந்த சுளை உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

“என்னமோ சொல்ல வாராரே?” என்றார் செபஸ்தியாம்பிள்ளை.

சோலைமலை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

“பழந்தான் கேக்குறாருங்க. கைக்கு எட்டாம வச்சிருங்க.”