இருபத்து நான்காவது மஞ்சள்

வலைப்பெட்டியைச் சட்டென்று மூடிவிட்டேன். பட்டாம்பூச்சி உள்ளே படபடக்கிறது. சிறகோரம் கருப்பு, அடியில் பழுப்புப் புள்ளிகள். எங்கள் தோட்டத்துச் சாதாரண மஞ்சள்தான்.

கோடை விடுமுறையில் தம்பி இத்சுகியும் நானும் இவற்றைப் பிடித்து, சிறகில் எண்ணும் தேதியும் எழுதி, நோட்டிலும் குறித்துப் பறக்கவிடுவோம். "எழுதினா விட்டுடணும்க்கா, வெச்சுக்கிட்டா திருட்டு!" என்பான். இருபத்து மூன்றோடு நோட்டு நின்றது; அவன் மட்சுயாமா நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான். நாளை அறுவை சிகிச்சை.

இதன் சிறகில் அவனுடைய கோணல் கையெழுத்தில் இருபத்து நான்கு. தேதி, நாளை மறுநாள்.

ஆஸ்பத்திரியில் அவனோடு இருக்கும் அம்மாவுக்குப் போன் செய்து, அவன் பேனா எடுத்து ஏதாவது எழுதினானா என்று கேட்டேன்.

"பேனாவா? ரெண்டு நாளா அவன் கண்ணே தொறக்கல. என்னடி உளர்றே, சிஹோ?"

அவன் கண் திறந்து இனிமேல்தான் இதை எழுதப்போகிறானா, இல்லை இதைக் கடைசியாக எழுதிவிட்டு எங்களை விட்டே போகிறானா?